கரைத் தூண்டிலில் உயிர் இரைக்கான முள் தேர்வு: தமிழகக் கழிமுக மீன்பிடிப்பை முன்வைத்து

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அடையாறு முகத்துவாரத்திலும் கோவளம் கல்வரிசையிலும் மாலை வேளையில் தூண்டில் போடுகிறவர்களிடம் என்ன முள் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால், அநேகமாக ஓர் எண்தான் பதிலாக வரும்: 3/0, 5/0, சில நேரம் 7/0. ஏன் அந்த எண் என்று மேலும் கேட்டால், பெரிய கொடுவா வந்தால் தாங்க வேண்டுமே என்பார்கள். பிடிக்க நினைக்கும் மீனின் எடைக்கு முள்ளைத் தேர்கிற இந்த வழக்கம் வெட்டு இரைக்கும் செத்த இரைக்கும் ஓரளவு பொருந்தும். உயிர் இரைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உயிர் இரை கட்டும்போது முதலில் கேட்கவேண்டியது, இந்த முள்ளைச் சுமந்துகொண்டு இரை எவ்வளவு நேரம் நீந்தும் என்பது. அடுத்தது, நாம் தேடும் மீன் இரையை எப்படி வாய்க்குள் கொண்டுபோகிறது என்பது. மூன்றாவது, மீன் கடிக்கும் நொடியில் கம்பு கையில் இருக்கிறதா, மணலில் ஊன்றிய குழாயில் நிற்கிறதா என்பது. மீனின் எடை இந்த மூன்றுக்கும் பின்னால் வருகிறது. அதையும் பெரும்பாலும் ரீலில் தூண்டில் நரம்பின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிராக்கும், நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் வலுவான துண்டான லீடரும் பார்த்துக்கொள்ளும்.

ஆய்வின் எல்லை பழவேற்காட்டிலிருந்து புன்னைக்காயல் வரையுள்ள கிழக்குக் கரை. அதிலும் ஆறு கடலில் கலக்கும் வாய்கள், உப்பங்கழிகள், தூண்டில் வளைவு என்று நாம் சொல்லும் கடற்கரைக் கல்தடுப்புகள் ஆகிய மூன்று வகை இடங்களே இங்கே பேசப்படுகின்றன. படகிலிருந்து இழுக்கும் தூண்டிலும் பொய் இரையும் இதில் சேரவில்லை. ஆயிரங்கால் தூண்டில் எனப்படும் நெடுந்தூண்டில் தந்த அனுபவம் கரைக்கும் பொருந்துகிற ஓரிடத்தில் மட்டும் எடுத்தாளப்படுகிறது. கொடுவாவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உயிர் இரையோடு கரையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தேடியே வருகிறார்கள்.

2. முள்ளின் அமைப்பும் வகைகளும்

நரம்பு கட்டும் கண், அதிலிருந்து இறங்கும் தண்டு, வளைவு, முனை, முனைக்குச் சற்றுக் கீழே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள், முனைக்கும் தண்டுக்கும் நடுவே திறந்திருக்கும் வாய் என்று முள்ளைப் பிரித்துப் பார்க்கலாம். கடையில் வாங்குபவர் கண் போவது தண்டின் நீளத்தின் மேல். உயிர் இரைக்கு முக்கியமானவை வேறு இரண்டு: கம்பியின் தடிமனும் வாயின் அகலமும். தடிமன் இரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வாயின் அகலம், இரை கோத்த பிறகு மீனின் தாடை நுழைய இடம் மிஞ்சுகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கருவி மிகப் பழையது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் சக்கிதாரிக் குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த முட்கள் ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழமையுடையவை. சிந்துவெளி நகரங்களில் எதிர்முள் வைத்த செம்பு முட்கள் கிடைத்துள்ளன. நம்மிடம் அகநானூற்றின் 36ஆம் பாடல் இருக்கிறது. இரும்பு முள்ளில் கோத்த இரையை விழுங்கிய ஆண் வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, வள்ளைக் கொடியைக் குழப்பி, இழுப்பவனுக்கு அடங்காமல் திமிறுவதை அது காட்டுகிறது. முள் அங்கே உதட்டில் மாட்டவில்லை, உள்ளே போய்விட்டது. அந்தப் பழைய நிகழ்ச்சிதான் இன்றும் உயிர் இரைத் தூண்டிலின் பெரிய சிக்கல். ஐந்தாம் பகுதி முழுவதும் அதைப் பற்றியது.

வடிவத்தை வைத்துப் பார்த்தால் நம் கடைகளில் கிடைப்பவை ஐந்து குடும்பங்களுக்குள் அடங்கும். நீள் தண்டு முள் கிழங்கான் போன்ற சிறுவாய் மீனுக்கு, புழு கோக்க. விழுங்கினாலும் தண்டைப் பிடித்து எடுத்துவிடலாம். நீந்தும் இரைக்கு அது வீண் சுமை. சாதாரண ஜே முள்ளில், குறிப்பாக ஓஷாக்னஸி என்று விற்கும் தடித்த கம்பி வகையில், வலு அதிகம், எடையும் அதிகம். மூன்றாவது, தண்டு குறுகி, வாய் அகன்று, முனை சற்றே உள்நோக்கிச் சாய்ந்த குறுந்தண்டு முள். லைவ் பெய்ட் ஹூக் என்றும் ஆக்டோபஸ் ஹூக் என்றும் உறையில் எழுதியிருக்கும். நான்காவது வட்ட முள்; எல்லோரும் சர்க்கிள் ஹூக் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஐந்தாவது மூன்று முனை கொண்ட ட்ரெபிள், இங்கே மும்முள் என்று குறிக்கிறேன்.

3. முதல் அளவுகோல்: இரையின் உயிர்

3.1 மடவைக்குஞ்சு

கழிமுகத்தில் வீச்சுவலை போட்டால் எளிதில் கிடைப்பது மடவைக்குஞ்சு. விரல் நீளக் குஞ்சு ஒன்றில் தடித்த 5/0 ஜே முள்ளைக் கோத்துக் கரையோரத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாலே பாதிப் பாடம் விளங்கிவிடும். தலை கீழ்நோக்கிச் சாயும், ஒரே இடத்தில் சுற்றும், செவுள் வேகமாக அடிக்கும், கொஞ்ச நேரத்தில் வயிறு மேலே தெரியும். அதே அளவுக் குஞ்சு மெல்லிய கம்பியில் செய்த 1/0 முள்ளோடு கூட்டத்தைத் தேடி நீந்திப் போகும். அதற்குப் பின்னால்தான் கொடுவா வரும். செத்த குஞ்சுக்குக் கெளுத்தியும் நண்டும் முதலில் வந்துவிடும்.

எங்கே கோப்பது என்பதும் முள் வகையோடு சேர்ந்த கேள்வி. ஓட்டம் இருக்கும் தண்ணீரில் மேலுதட்டில், அல்லது இரண்டு மூக்குத்துளைகளின் வழியாகக் கோக்கவேண்டும். அப்போது குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், செவுள் வழியே நீர் ஓடிக்கொண்டிருக்கும். மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் மூச்சு முட்டும். மடவையின் வாய் சிறியது, அதை மூடினால் வேறு வழியில்லை. அசைவில்லாத உப்பங்கழியில் மிதவைக்குக் கீழே தொங்கவிடுவதானால் முதுகுத் துடுப்புக்கு முன்னால், தோலோரமாகக் கோக்கலாம். முதுகெலும்பைத் தொட்டால் உடல் பாதி விறைத்துவிடும். வால் பக்கம் கோத்தால் குஞ்சு நம்மை விட்டு விலகி நீந்தும். பாலத் தூணின் நிழலுக்கும் கல்லிடுக்குக்கும் இரையை அனுப்ப இது ஒன்றே வழி, ஆனால் இழுத்து மீண்டும் வீச முடியாது.

இந்த மூன்று இடங்களுக்கும் குறுந்தண்டு முள் ஒத்துவரும். தண்டு நீண்டால் அது நெம்புகோல்போல் வேலை செய்து, ஒவ்வொரு அலைக்கும் துளையை அகலமாக்கிக்கொண்டே போகும்.

3.2 இறால்

உயிர் இறாலைவிடச் சிறந்த கொடுவா இரை நம் கரையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. செப்பிலிக்கும் அதுவே. ஆனால் முள்ளால் சாவதிலும் இறாலுக்கு நிகர் இல்லை. தலை ஓட்டுக்குள் கருமையாகத் தெரியும் பகுதியில் முக்கிய உறுப்புகள் இருக்கின்றன. முள் அதைத் தொட்டால் இறால் அப்போதே வெளிறிவிடும். கொம்புக்கு அடியில், அந்தக் கருமைக்கு முன்னால், ஓட்டை மட்டும் ஊடுருவிக் கோத்தால் வால் விடுதலையாக இருக்கும். ஆபத்தில் வாலை மடக்கிப் பின்னோக்கித் துள்ளுவது இறாலின் இயல்பு. அந்தத் துள்ளலின் ஓசையும் அதிர்வும்தான் இரவில் மீனை அழைக்கின்றன. வாலின் கடைசிக் கணுவில் கோப்பவர்களும் உண்டு. அது தூரமாக வீசும்போது கழன்று போகாமல் தாங்கும், ஆனால் துள்ளல் பாதியாகிவிடும்.

இறாலுக்கு மெல்லிய கம்பி முள் தவிர வேறெதுவும் கூடாது. 1 அல்லது 1/0 போதும். இவ்வளவு சிறிய முள் பெரிய கொடுவாவைத் தாங்குமா என்ற அச்சம் இயல்பானது. நல்ல எஃகில் செய்த மெல்லிய முள், டிராக் சரியாக வைத்திருந்தால் தாங்கும். டிராக்கை இறுக்கிப் பூட்டிவிட்டு இழுத்தால்தான் நிமிரும்.

3.3 ஜிலேபி

ஜிலேபி வலுவான இரை. உப்பைத் தாங்கும், தடித்த முள்ளையும் சுமக்கும். இரைக்காகவே முள்ளைச் சிறிதாக்கவேண்டிய கட்டாயம் இதில் இல்லை. ஆனாலும் இதைப் பற்றி ஒரு கவலையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த அயல் மீன் நம் ஏரிகளையும் உப்பங்கழிகளையும் நிறைத்துவிட்டது. மிஞ்சிய இரையை வாளியோடு கழியில் கொட்டிவிட்டுப் போகும் வழக்கம் நிற்கவேண்டும். உள்ளூர் மீனுக்கு நாம் செய்யும் கேடு முள்ளோடு முடிவதில்லை.

4. இரண்டாம் அளவுகோல்: மீன் வாய் திறக்கும் விதம்

கொடுவாவுக்குக் கோரைப்பல் கிடையாது. சொரசொரப்பான தூரிகைபோன்ற பல்வரிசைதான். அது இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. பெரிய வாயை மின்னல் வேகத்தில் திறக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சுற்றியுள்ள நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. நீர் செவுள் வழியே வெளியேற, இரை வாயறையில் தங்குகிறது. அந்தி நேரத்தில் கழியோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வெடிப்போசை நன்றாகத் தெரியும். உறிஞ்சிய பின் மீன் திரும்பித் தன் மறைவிடத்தை நோக்கிப் போகும். முள் அப்போது தாடையிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை, நடுவாயில் மிதக்கிறது. அவசரப்பட்டு வெட்டி இழுத்தால் இரை வெளியே வந்துவிடும். தாமதித்தால் தொண்டைக்குள் போய்விடும். ஜே முள்ளில் கொடுவா பிடிப்பவரின் திறமை முழுவதும் இந்த இடைவெளியை அறிவதில் இருக்கிறது. கொடுவாவின் செவுள்மூடி விளிம்பு கத்திபோல் கூரானது. ஆழமாக முள் விழுங்கிய மீனில் நரம்பு அந்த விளிம்பில் உரசி அறுந்துபோகும் வாய்ப்பு மிகுதி. ஆகவே முள் வாயோரத்தில் மாட்டுவது மீனுக்கு மட்டும் அன்றி மீன்பிடிப்பவருக்கும் லாபம்.

பாரை வேறு இயல்பு. துரத்தி வந்து மோதும், திரும்பாமல் நேராக ஓடும். ஓடும் விசையிலேயே முள் பாய்ந்துவிடுவதால் எந்த வகை முள்ளும் இதற்கு ஏற்கும். செப்பிலி பல் வைத்துக் கவ்விக்கொண்டு கல்லிடுக்குக்குள் நுழையும். களவா உறிஞ்சும், அப்புறம் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து உட்கார்ந்துகொள்ளும். இவை இரண்டையும் தூண்டில் வளைவுகளில் பிடிப்பவருக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

ஊளி இவற்றிலிருந்து முற்றும் விலகியது. கத்திப்பல்லால் இரையின் பின்பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு போகும். மூக்கில் ஒற்றை முள் கோத்திருந்தால் தலை மட்டும் திரும்பி வரும். இதற்காகவே முன்னால் ஒற்றை முள், சிறு கம்பித் துண்டில் பின்னால் ஒரு மும்முள் என்ற இரட்டைக் கட்டு இருக்கிறது. நரம்பு லீடரை அது அறுத்துவிடும் என்பதால் கம்பி லீடர் கட்டாயம். ஊளி வராத இடத்தில் மும்முள்ளை உயிர் இரையோடு கட்டுவதை நான் ஏற்கவில்லை. மூன்று முனைகள் இரையையும் கொல்கின்றன, விட வேண்டிய சிறு மீனின் வாயையும் சிதைக்கின்றன. கழட்டும்போது மிச்சமிருக்கும் முனை நம் கையில் ஏறுகிறது.

5. வட்ட முள்

5.1 எப்படி வேலை செய்கிறது

வட்ட முள்ளின் முனை தண்டை நோக்கிச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும். முதன்முறை கையில் எடுப்பவர் இது எதிலும் குத்தாதே என்று நினைப்பார். அந்த எண்ணம் பாதி சரி. தொண்டையிலும் இரைப்பையிலும் அது குத்துவதில்லை, ஏனென்றால் முனைக்கு முன்னால் தண்டு காவல் நிற்கிறது. மீன் இரையோடு விலகிப் போகும்போது நரம்பு மெல்ல இறுகும். முள் சதையில் பதியாமல் வழுக்கிக்கொண்டு வாயை நோக்கி வரும். தாடையின் கோணத்தைக் கடக்கும்போது கண் வெளியே வந்து, இழுவிசையின் திசை மாறுகிறது. வாய் விளிம்பைச் சுற்றி முள் சுழல்கிறது. முனை அப்போதுதான் தாடை மூலையில் நுழைந்து பூட்டிக்கொள்கிறது.

இந்த வடிவம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. பசிபிக் தீவு மக்களும் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரைப் பழங்குடிகளும் ஓட்டிலும் எலும்பிலும் மரத்திலும் உள்நோக்கிய முனையுள்ள முட்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். தானாக மாட்டிக்கொள்ளும் முள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தூண்டிலைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவருக்கு அதுவே உகந்தது.

5.2 சான்றுகள்

1980களின் தொடக்கத்தில் வடபசிபிக் ஹாலிபட் நெடுந்தூண்டிலில் ஜே முள்ளிலிருந்து வட்ட முள்ளுக்கு மாறியபோது பிடிப்பு வீதம் இருமடங்கு அளவுக்கு உயர்ந்தது. மாட்டிய மீன் கழன்று போவது குறைந்ததே முதன்மையான காரணம். நெடுந்தூண்டிலில் யாரும் வெட்டி இழுப்பதில்லை. குழாயில் ஊன்றிய கரைக் கம்பும் அந்த நிலையில்தான் இருக்கிறது. அதனால் இந்த அனுபவம் கரைக்கும் பொருந்தும்.

விடுவிக்கும் மீன்களைப் பற்றி ஸ்டீவன் குக், கோரி சுஸ்கி ஆகிய இரு மீனியலாளர் 2004இல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். வட்ட முள்ளில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும், பலன் இனத்துக்கு இனம் மாறுவதையும் அவர்கள் காட்டினர். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கொம்பன் மீன் போட்டிகளில் இயற்கை இரைக்கு வட்ட முள் 2008இல் கட்டாயமானது. 2021 முதல் கோடுபோட்ட பாஸ் மீனுக்கு இரை கட்டும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர் எல்லோருக்கும் அதே விதி வந்தது. அந்த மீன் கரையிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் உயிர் இரையால் பெருமளவு பிடிக்கப்படுவது, அது கொடுவாபோலப் பெரிய வாயால் விழுங்குவது. நமக்கு மிக நெருங்கிய சான்று அதுவே என்று கருதுகிறேன்.

5.3 நிபந்தனைகள்

வட்ட முள் கட்டியும் மீன் மாட்டவில்லை என்று குறைசொல்பவர்கள் நிறைய. அவர்கள் கட்டும் முறையைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்று பிசகியிருக்கும்.

முதலாவது, வெட்டி இழுப்பது. பழகிய கை கடி தெரிந்தவுடன் கம்பை மேலே வீசும். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால் முள் சுழல நேரமில்லாமல் வாயைவிட்டு நழுவி வந்துவிடும். கம்பைத் தாழ்த்தி நரம்பு இறுகவிட்டு, ரீலைச் சீராகச் சுற்ற வேண்டும். மற்றதை மீன் பார்த்துக்கொள்ளும். பல ஆண்டு ஜே முள்ளில் பழகியவர்க்கு இது மிகக் கடினம். சொல்லிக் கொடுத்த சிறுவர்கள் பெரியவர்களைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, முள்ளின் வாயை இரையால் அடைத்துவிடுவது. முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடம் தாடை எலும்பு நுழையும் இடம். அதில் குஞ்சின் முதுகுச் சதை நிறைந்திருந்தால் முள் சுழன்றாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே வட்ட முள்ளுக்கு மூக்கில் மட்டும், தோலை மட்டும் பிடித்துக் கோக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, மூக்குத்துளை வழியே சிறு ரப்பர் வளையமோ நூலோ போட்டு அதில் முள்ளை மாட்டுவது. முள் இரையின் உடலுக்கு வெளியே முழுவதும் திறந்து நிற்கும், இரையும் காயமின்றி நெடுநேரம் நீந்தும். மூன்றாம் பகுதியில் சொன்ன உயிர்க் கணக்கும் இப்பகுதியின் பூட்டுக் கணக்கும் ஒன்றாகத் தீர்வது இந்த ஒரு கட்டில்தான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

மூன்றாவது, சாய்ந்த முள். முள்ளை மேசைமேல் வைத்தால் முழுவதும் படிய வேண்டும். முனை பக்கவாட்டில் தூக்கி நின்றால் அது சாய்ந்த வட்ட முள். ஜே முள்ளுக்குச் சாய்வு நன்மை தரலாம். வட்ட முள்ளில் அது காவல் நிற்கும் தண்டிலிருந்து முனையை வெளியே தள்ளிவிடுகிறது, முனை தொண்டையைத் தேடிக்கொள்கிறது. மிகச் சாய்ந்த வட்ட முள் ஆழக் குத்துவதில் ஜே முள்ளை நெருங்கிவிடுகிறது என்பதை 2002இல் வெளிவந்த மயில்மீன் ஆய்வு காட்டியது. போட்டி விதிகள் சாயாத முள் என்று குறித்துச் சொல்வது இதனால்தான். சர்க்கிள் என்று உறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

5.4 எங்கே ஏற்காது

கல்லிடுக்குச் செப்பிலிக்கு வட்ட முள் சற்றுப் பின்தங்கும். அது சுழன்று பூட்ட எடுக்கும் சில கணத்தில் மீன் பொந்துக்குள் போயிருக்கும். அங்கே குறுந்தண்டு முள்ளும், கையில் பிடித்த கம்பும், கடித்தவுடன் எதிர்த்து இழுக்கும் உறுதியும் வேண்டும். கிழங்கானுக்கு வட்ட முள் தேவையே இல்லை. ஊளிக்கு முன்பே சொல்லியாயிற்று.

6. மூன்றாம் அளவுகோல்: கம்பு எங்கே இருக்கிறது

இதில் அதிகம் விரிக்க ஒன்றுமில்லை. கம்பு கையில் இருந்து, கண்ணும் மிதவைமேல் இருந்தால் குறுந்தண்டு முள் போதும்; கடியை உணர்ந்து உடனே செயல்பட முடியும். கம்பைக் குழாயில் ஊன்றிவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்திருப்பவர், இரண்டு மூன்று கம்பு போடுபவர், இரவில் போடுபவர் ஆகிய எல்லோரும் வட்ட முள்தான் கட்டவேண்டும். அவர்கள் எழுந்து வந்து கம்பை எடுக்கும்போது ஜே முள் தொண்டையைக் கடந்திருக்கும். கைத்தூண்டிலைக் கல்லில் சுற்றிவிட்டு நிற்பவருக்கும் இதே விதி.

ஊன்றிய கம்பில் டிராக்கை முழுவதும் தளர்த்தி வைப்பதும் பிழை, பூட்டி வைப்பதும் பிழை. மீன் விலகும்போது நரம்பு சீராக, ஓரளவு எதிர்ப்போடு போகவேண்டும். அந்த எதிர்ப்புதான் வட்ட முள்ளைச் சுழற்றுகிறது. முற்றும் தளர்ந்த நரம்பில் முள் எங்கே விழுங்கப்பட்டதோ அங்கேயே கிடக்கும்.

பருவமும் இதில் சேர்கிறது. கோடையில் அடையாறு, முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நிற்கும், ஓட்டம் இருக்காது. அப்போது மிதவையும் முதுகில் கோத்த இரையும் பொருத்தம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் திட்டை உடைத்துத் திறந்த பிறகு ஓட்டம் வலுக்கும். ஈயக்குண்டு கூட்டி, மூக்கில் கோத்து, கம்பை ஊன்றி நிற்பதே நடக்கும். முள் பெட்டியில் இரு வகையும் இருக்கவேண்டிய காரணம் இதுதான்.

7. எண்களின் குழப்பம்

1, 2, 4, 6, 8 என்று எண் ஏற ஏற முள் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 என்று ஏறினால் பெரிதாகும். இந்தத் தலைகீழ் ஏணியை மனத்தில் வாங்கிக்கொண்டாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது: எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு கிடையாது. நார்வேயின் முஸ்டாட் செய்யும் 3/0வும் ஜப்பானின் கமகட்சு, ஓனர் செய்யும் 3/0வும் அருகருகே வைத்தால் வேறு வேறாக இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஜே முள்ளுக்கும் வட்ட முள்ளுக்கும்கூட எண் ஒன்றாக இருந்து அளவு வேறாகலாம். வட்ட முள்ளின் முனை உள்ளே திரும்பியிருப்பதால் அதே எண்ணில் திறப்பு குறுகலாகத் தோன்றும். ஜே முள்ளில் 2/0 கட்டிப் பழகியவர் வட்டத்தில் ஓரிரு எண் ஏற்றிக்கொள்வது பொதுவாக ஒத்துவரும்.

எண்ணை விட்டுவிட்டுக் கண்ணால் அளப்பதே நம்பகமானது. இரை கோத்த பின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே, தேடும் மீனின் தாடை விளிம்பு நுழையும் அளவு இடம் மிஞ்ச வேண்டும். இரையைக் கையில் பிடித்து வாளித் தண்ணீரில் விட்டால் அது நிமிர்ந்து நீந்த வேண்டும். இந்த இரண்டு சோதனையும் தேறிய முள் எந்த எண்ணாக இருந்தாலும் சரியான முள். என் பரிந்துரையில் உயிர் இறாலுக்கு மெல்லிய கம்பி 1 அல்லது 1/0, விரல் நீள மடவைக்கு 1/0 அல்லது 2/0 குறுந்தண்டு, அல்லது 3/0 அளவில் சாயாத வட்ட முள், உள்ளங்கை நீள மடவைக்கும் ஜிலேபிக்கும் 4/0 அல்லது 5/0 வட்ட முள். இவை தொடக்கப் புள்ளிகள். வாளிச் சோதனை இவற்றை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

8. உலோகம், எதிர்முள், திரும்பிப்போகும் மீன்

கரையிலிருந்து பிடிபடுவதில் பெரும்பங்கு இளம் மீன். கழிமுகம் அவை வளரும் இடம் என்பதால் அது தவிர்க்க முடியாதது. கொடுவாவில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் அநேகமாக முட்டையிடும் பெண்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்ற விதி இருப்பது இந்த உயிரியலை ஒட்டித்தான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. குஞ்சுகள் பண்ணைக்குக் கிடைக்கும் வழி அப்படித் திறந்தது. ஆனால் கழிமுகத்து மீன் கழிமுகத்துத் தாய்களையே நம்பியிருக்கிறது. கையிலிருப்பது சிறு மீனாயினும் பெருந்தாயாயினும் அதை உயிரோடு விட முடியுமா என்பதைத் தூண்டில் போடுவதற்கு முன்பே, முள்ளைத் தேரும்போதே நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

அதனால் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடும்படி பரிந்துரைக்கிறேன். நரம்பைத் தளரவிடாமல் இழுப்பவருக்கு இதனால் மீன் நழுவுவது குறைவே. இரையில் எதிர்முள்ளால் ஆகும் கிழிசலும் நீங்கும், துளை சிறிதாகும், இரை கூடுதல் நேரம் வாழும். ரப்பர் வளையத்தில் மாட்டும் முறையில் மட்டும் எதிர்முள் இல்லாவிட்டால் வளையம் கழலக்கூடும். அங்கே சிறிய எதிர்முள்ளை விட்டுவைக்கலாம்.

துருப்பிடிக்காத எஃகு முள் உப்பங்காற்றில் பளபளப்பாக இருப்பதால் கரையில் விரும்பி வாங்கப்படுகிறது. உயிர் இரைக்கு அதை வாங்க வேண்டாம். மீனோடு அறுந்துபோகும் முள் துருப்பிடித்து உதிர்வதற்கு வழியிருக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் பவளப்பாறை மீன்களுக்கு இயற்கை இரையோடு துருப்பிடிக்கும் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2008இல் விதித்தது. பழுப்புப் பூச்சுடைய சாதாரண எஃகு முள் விலையும் குறைவு. ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் நமக்குப் போதிய காலம் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில மீன் ஆழமாக விழுங்கத்தான் செய்யும். அப்போது முள்ளைத் தோண்டி எடுக்கக்கூடாது. செவுளில் இரத்தம் வராமல் பிடித்து, முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே நரம்பை அறுத்து, மீனைத் தண்ணீரிலேயே நிமிர்த்திப் பிடித்து, அது தானாக வாலடிக்கும் வரை தாங்கி விடவேண்டும். தோண்டி எடுத்த மீனைவிட முள்ளோடு விடப்பட்ட மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். இதற்கு நீள மூக்குக் குறடு ஒன்றும் நரம்பு வெட்டும் கத்தரி ஒன்றும் முள் பெட்டிக்குள் அல்ல, சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும். மீனை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் பெட்டியைத் திறக்க முடியாது.